ஆங்கிலத்தில் 'சைட்' என்று முடியும் சொற்களுக்கெல்லாம் 'கொலை' என்றுதான் பொருளா?

பெஸ்டிசைட், சூயிசைட், ஜெனசைட் எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றனவே, பொருளிலும் உறவு உண்டா, எப்படி நினைவில் வைத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

உறவு உண்டு. ஆனால் காதை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். சி-ஐ-டி-இ என்று முடிந்தால்தான் அது இந்தக் குடும்பம். இன்சைட், அவுட்சைட் எல்லாம் எஸ் போட்டு எழுதுவது, அவை வேறு வீட்டுப் பிள்ளைகள்.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, தோட்டத்தில் ஸ்டோர் கிராணி. இந்தச் சொற்களில் பாதி என் ஸ்டோரிலேயே கேன் கேனாக அடுக்கி இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

லத்தீனில் 'கைடெரே' என்று ஒரு வினைச்சொல். வெட்டு, வெட்டிச் சாய், கொல் என்று பொருள். அதிலிருந்து கொல்பவனுக்கு ஒரு சொல்லும், கொல்லும் செயலுக்கு இன்னொரு சொல்லும் பிறந்தன. ஆங்கிலத்துக்கு வந்து சேரும்போது இரண்டும் தேய்ந்து ஒரே 'சைட்' ஆகிவிட்டன. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. கொல்வது 'கொல்லி', செயல் 'கொலை'. களைக்கொல்லி, ஆனால் சிசுக்கொலை. ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் இங்கே கொல்லியா, கொலையா என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், பாதி வேலை முடிந்தது.

கொல்லி வரிசை சுலபம். புல்பூண்டைக் கொன்றால் ஹெர்பிசைட், பூச்சியைக் கொன்றால் இன்செக்டிசைட், பூஞ்சையைக் கொன்றால் ஃபங்கிசைட். எலிக்கு வைப்பது ரோடென்டிசைட். ரோடென்ட் என்பதற்கு அடியில் இருக்கும் லத்தீன் வினைக்குக் கொறிப்பது என்று பொருள். அணிலும் அந்தக் கணக்கில் வரும். செம்பனைப் பழத்தை எலி சும்மா விடாது. அதனால் பல தோட்டங்களில் எலி மருந்தோடு நிற்காமல், கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகையையும் வளர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கூகைதான் கெட்டிக்கார ரோடென்டிசைட். அதற்கு லேபிளும் வேண்டாம், கையுறையும் வேண்டாம்.

இதில் பலர் சறுக்கும் சொல் பெஸ்டிசைட். பத்திரிகைகளில் அதையும் 'பூச்சிக்கொல்லி' என்றே எழுதிவிடுகிறார்கள். பெஸ்ட் என்றால் பூச்சி மட்டுமல்ல. பயிருக்குக் கேடு செய்யும் எதுவும் பெஸ்ட்தான், களையும் எலியும் பூஞ்சையும் உட்பட. மலேசியாவின் 1974-ஆம் ஆண்டுப் பெஸ்டிசைட் சட்டம் இவை எல்லாவற்றையும் சேர்த்தே கட்டுப்படுத்துகிறது. 2020 ஜனவரி முதல் தேதியில் இங்கே தடைசெய்யப்பட்ட பாராகுவாட் ஒரு களைக்கொல்லி. அதைப் பூச்சிக்கொல்லி என்று எழுதினால் தோட்டத்து ஆள் சிரிப்பார்.

ஒரு நாள் மருந்தடிக்கும் அக்கா ஒருவர், படிவம் நான்கில் படிக்கும் மகளோடு ஸ்டோருக்கு வந்தார். அந்தப் பெண் கேனைத் திருப்பி லேபிளைப் படித்தாள். மலாயில் 'ராச்சுன் ரும்பாய்' என்று கொட்டை எழுத்து, அதற்குக் கீழே பொடியாக 'ஹெர்பிசைட்'.

"அங்கிள், மலாயில விஷம்னு போட்டிருக்கு, இங்கிலீஷ்ல கொல்றதுன்னு போட்டிருக்கு. அம்மா மட்டும் ஏன் மருந்துன்னு சொல்றாங்க?"

"எல்லாரும் அப்படித்தான்டி சொல்லுவாங்க" என்றார் அம்மா. நான் எதுவும் சொல்லவில்லை. அளவுக் கோப்பையோடு முகமூடியையும் எடுத்து நீட்டினேன், "இதைப் போட்டுக்கிட்டுத்தான் கலக்கணும்க்கா" என்று.

சரி, கொலை வரிசைக்கு வருவோம். ஹோமிசைட் என்றால் மனிதனை மனிதன் கொல்வது. அது மர்டருக்கு மாற்றுச் சொல் அல்ல. மலேசியக் குற்றவியல் சட்டத்தில் 299-ஆம் பிரிவு குற்றமுள்ள ஹோமிசைட், 300-ஆம் பிரிவு மர்டர். மர்டர் எல்லாம் ஹோமிசைட், ஆனால் எல்லா ஹோமிசைடும் மர்டர் ஆகிவிடாது. இன்ஃபேன்டிசைட் பொதுவாகச் சிசுக்கொலை. மலேசியச் சட்டத்தில் மட்டும், தாய் தன் பச்சிளங்குழந்தையைக் கொல்லும் குற்றத்துக்கே அந்தப் பெயர். சூயிசைடில் வரும் 'சூயி' லத்தீனில் 'தன்னை' என்பது. தற்கொலை அப்படியே பொருந்துகிறது. அந்த முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த 309-ஆம் பிரிவை 2023-இல் மலேசியா நீக்கிவிட்டது. பேட்ரிசைட், மேட்ரிசைட், ஃப்ராட்ரிசைட் முறையே தந்தை, தாய், உடன்பிறந்தவன். ரெஜிசைட் அரசனைக் கொல்வது. 1649-இல் முதலாம் சார்லஸுக்கு மரண தண்டனை விதித்தவர்களையும் 'ரெஜிசைட்கள்' என்றே சொல்வார்கள். அங்கே பாருங்கள், கொலையும் கொலையாளியும் ஒரே சொல்.

ஜெனசைட், அதாவது இனப்படுகொலை, பழைய சொல் மாதிரி தெரியும், ஆனால் புதிது. போலந்து யூத வழக்கறிஞர் ரஃபேல் லெம்கின், கிரேக்கத்தில் இனத்தைக் குறிக்கும் 'கெனோஸ்' என்பதோடு இந்த லத்தீன் வாலை ஒட்டி உருவாக்கினார். 1944-இல் வெளிவந்த அவருடைய நூலில் அது அச்சேறியது. 1948 டிசம்பரில் ஐ.நா. உடன்படிக்கையே வந்துவிட்டது.

ஈக்கோசைட், அதாவது சூழலையே கொல்வது, அதற்கும் இளையது. வியட்நாமில் அமெரிக்கா காடுகள் மீது களைக்கொல்லி கொட்டியதைக் கண்டித்துத் தாவரவியலாளர் ஆர்தர் கால்ஸ்டன் 1970-இல் அந்தச் சொல்லை முன்வைத்தார். அதற்கு முன்பே, 1950-களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் படை மலாயாவில் சாலையோரப் புதர்களிலும் கம்யூனிஸ்ட் போராளிகளின் பயிர்களிலும் களைக்கொல்லி தெளித்திருக்கிறது. அந்தப் போராளிகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசு அறிவித்த அவசரகாலத்துக்குத் திரி பற்ற வைத்தது, 1948 ஜூனில் எங்கள் சுங்கை சிப்புட் தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதுதான். எங்கள் ஊரில் பெரியவர்கள் இதை இன்னும் பேசுவார்கள், ஈக்கோசைட் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

அப்புறம் இரண்டு பொறிகள். டிசைட் இந்தக் குடும்பம்தான், ஆனால் அதில் யாரும் சாவதில்லை. 'கைடெரே'யின் முதல் பொருளான 'வெட்டு' அங்கே நிற்கிறது. முடிவெடுப்பது என்றால் மற்றதை வெட்டிவிடுவது. வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிறோமே, அதுதான். சுருக்கமான என்று பொருள்படும் கன்சைஸ், துல்லியமான என்னும் ப்ரிசைஸ் இரண்டும் அதே வெட்டிலிருந்து வந்தவை. கோயின்சைட் மட்டும் வேஷக்காரன். சி-ஐ-டி-இ என்றுதான் முடியும், ஆனால் அதன் வேர் 'விழு' என்று பொருள்படும் 'கடெரே'. இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் வந்து விழுவது கோயின்சைட். அந்த ஒன்றைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.