பையா, குடமா?

கே: ஜோல்னாப் பையும் தாடியுமாக வரும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களைக் கண்டாலே எங்கள் ஊர் ஜனங்கள் நழுவிவிடுகிறார்களே, ஏன்? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

ப: தாடியை விடுங்கள், அது அவரவர் முகம். பைக்கு வருவோம். உள்ளே என்ன இருக்கும் என்று ஜனங்களுக்குத் தெரியும்: துண்டுப் பிரசுரக் கட்டு, கையெழுத்து வாங்கும் நோட்டு, நன்கொடை ரசீதுப் புத்தகம். மூன்றாவதற்குத்தான் நழுவுகிறார்கள்!

டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் இதையே கொஞ்சம் கௌரவமாகச் சொன்னார்கள். கொடி பிடித்துக் கத்துகிற ஆள் என்று முத்திரை விழுந்துவிட்டால், அவரோடு சேர ஜனங்களுக்குக் கூச்சம். அவர் சொன்னதையும் ஏற்கமாட்டார்கள். டீக்கடையில் விசாரித்திருந்தால் ஆய்வுச் செலவு மிச்சம்.

உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவிலேயே பிளாச்சிமடை இருக்கிறது. 2002 ஏப்ரலில் கொக்கோ கோலா ஆலைக்கு எதிராகப் போராட்டம் தொடங்கியபோது முன்னால் நின்ற மயிலம்மா, எரவாளர் பழங்குடிப் பெண். கெட்டது அவர் குடிக்கிற தண்ணீர், அதனால் பேச்சு எடுபட்டது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. ஆனால் பெருமாட்டிப் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்ததும், வழக்கு ஹைகோர்ட் ஏறியதும் காகிதக்கட்டு வேலை. கட்டைச் சுமக்கப் பை வேண்டும்தான். ஆனால் அது தண்ணீர்க் குடம் தூக்குகிறவருக்குப் பின்னால் நடக்கட்டும்.

கூட்டம் போடுமுன் உங்கள் பைக்காரர்களை இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரே அளவில் இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் பாதி மழைத்தண்ணீர், மற்றதில் பாதி போர்வெல் தண்ணீர். குளியல் சோப்பைச் சீவி வெந்நீரில் கரைத்து, இரண்டிலும் பத்துப் பத்துச் சொட்டு விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். மழைத்தண்ணீர் நுரை தள்ளும். போர்வெல் தண்ணீர் கடினநீராக இருந்தால் கலங்கித் திரிதிரியாகும். ஷாம்பு, துணி பவுடர் கூடாது. அவை கடினநீரிலும் நுரைத்துக் காரியத்தைக் கெடுக்கும். இந்தச் சோதனை சுண்ணாம்பு, மக்னீசிய உப்பை மட்டும்தான் காட்டும். ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்களுக்கு லேப்தான். பிளாச்சிமடை ஆலை உரமென்று கொடுத்த கசடில் அவை இருந்தது 2003-இல் அப்படித்தான் தெரிந்தது. லேப் ரிப்போர்ட் இல்லாமல் 'விஷம், விஷம்' என்று மைக் பிடித்தால், மறுநாள் கம்பெனிக்காரர் ஒரு டம்ளர் குடித்துக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

இந்தப் பக்கத்தில் நான் ஓயாமல் புலம்பும் ஆணி விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். 'மரம் காப்போம்' தட்டியை வேப்பமரத்தில் ஆணியால் அறைகிறார்களே, அந்த மகான்களை என்ன செய்வது? பட்டைக்கு அடியில்தான் மரத்தின் சாப்பாட்டுக் குழாய். ஆணி போன ஓட்டையில் பூஞ்சை ஏறி அழுகும். சணல் கயிற்றால் கட்டலாம். அதையும் சில மாதத்தில் அவிழ்க்காவிட்டால் தண்டு பருத்து இறுகும். டீக்கடைச் சுவரில் மாட்டுங்கள் சாமி, இன்னும் நாலு பேர் படிப்பார்கள்.