'கேன்சர் இல்லை' என்றார்கள், தூக்கம் மட்டும் வரவில்லை: கேள்வி பதில்

காட்பாடியில் குடியிருக்கிறேன். 31 வருடம் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கடைசி 12 வருடம் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை அறையில் இருந்தேன். உள்ளே வந்து படுத்த பெண்களைவிட, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கணவர்களின் முகம்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கிறது. மனைவியின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஓ.பி. சீட்டை மடிப்பது, பிரிப்பது, மறுபடி மடிப்பது என்று அது மடிப்பிலேயே கிழியும் வரை உட்கார்ந்திருப்பார்கள். நோயாளியிடம் பேச நாங்கள் இருந்தோம். அவர்களிடம் பேச யாருமில்லை. அதனால் இந்த முறை 'ப்ரீ-கேன்சர்', அதாவது புற்றுநோய்க்கு முந்தைய நிலை என்று கேட்டுப் பயந்துபோன வீடுகளிலிருந்து, பெரும்பாலும் துணைகளின் கேள்விகளாக எடுத்துக்கொண்டேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு கணவர்: சிஸ்டர், என் மனைவிக்கு 38 வயது. பயாப்சியில் சி.ஐ.என். 3 என்று வந்திருக்கிறது. லீப் செய்ய 3 வாரம் கழித்துத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதுவரை தாங்குமா? ராத்திரி 2 மணிக்கு எழுந்து அவள் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன்.

முதலில் அந்த 3 வாரத்தைப் பேசிவிடுவோம் தம்பி, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான். சி.ஐ.என். என்பது கர்ப்பப்பை வாயின் மேல்தோலில் செல்கள் மாறியிருக்கும் நிலை. 1 என்றால் லேசான மாற்றம், பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே சரியாகிவிடும். 3 என்றால் மேல்தோலின் முழுக் கனத்திலும் மாற்றம் இருக்கிறது, ஆனால் அதைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. இறங்கினால்தான் அதற்குப் பெயர் கேன்சர். சிகிச்சையே இல்லாமல் விடப்பட்ட சி.ஐ.என். 3 பெண்களைப் பல வருடம் கவனித்ததில், 100 பேரில் சுமார் 30 பேருக்குப் புற்றுநோய் வந்தது. அதற்கு எடுத்த காலம் 30 வருடம். அதனால் சிகிச்சையைத் தள்ளிப்போடவே கூடாது. ஆனால் வருடக்கணக்கில் நகரும் ஒன்று 3 வாரத்தில் ஓடிவிடாது. டாக்டர் தேதி கொடுத்தது அலட்சியத்தால் அல்ல.

லீப் என்பது மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுப்பது. மரத்துப்போக ஊசி போட்டுச் செய்வார்கள், கால் மணி, அரை மணி நேர வேலை. பெரும்பாலோர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவார்கள். பிறகு சில நாள் தண்ணீர் மாதிரியோ கறுப்பாகவோ வெள்ளைப்படும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ரத்தம் அதிகமாகப் போனாலோ காய்ச்சல், துர்நாற்றம் இருந்தாலோ உடனே போக வேண்டும். சுமார் 4 வாரம் தாம்பத்தியம் வேண்டாம், கனம் தூக்க வேண்டாம். நம் பக்கத்தில் கனம் என்றால் தண்ணீர்க் குடம்தான். அந்த வேலையை இப்போதே நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் கைகளுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

ராத்திரிக்கு ஒரு வழி சொல்கிறேன். தினமும் சாயங்காலம் 7 மணிக்கு ஒரு 40 பக்க நோட்டை எடுத்து, மனதில் வரும் பயத்தையெல்லாம் கால் மணி நேரம் எழுதுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். ராத்திரி 2 மணிக்கு அதே பயம் வந்தால், 'நாளைக்கு 7 மணிக்கு உன்னை எழுதுகிறேன்' என்று அதனிடம் சொல்லுங்கள். கேட்கும்போது இது சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். ஆனால் பயத்துக்கென்று ஒரு நேரம் கொடுத்துவிட்டால் மீதி நேரத்தில் அதன் பிடி கொஞ்சம் தளர்கிறது, இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். அப்படியும் தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாதீர்கள். மொட்டை மாடிக்குப் போய் 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். செல்போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆம்பூரிலிருந்து ஒரு மனைவி: எனக்கு எச்.பி.வி. கிருமி இருப்பதாகச் சொன்னார்கள். நான் என் கணவரைத் தவிர யாரையும் அறியாதவள். அப்படியென்றால் அவர்தானே காரணம்? அவரும் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார். இருவருமே சரியாகச் சாப்பிடுவதில்லை.

அம்மா, எச்.பி.வி. தாம்பத்தியத்தில் பரவும் ஒரு வைரஸ். அது எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. தாம்பத்தியத்தில் இருக்கும் ஆண், பெண் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒருமுறையாவது இது வந்து போகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வருடத்தில் உடம்பே அதை விரட்டிவிடும். சிலரிடம் பல வருடம் சத்தமில்லாமல் தங்கியிருந்து பிறகு வெளியே தெரியும். இன்றைய ரிப்போர்ட்டை வைத்து நேற்றைய நடத்தைக்குத் தீர்ப்பு எழுத முடியாது. உங்கள் கணவரையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போய், இதையே டாக்டர் வாயால் கேட்க வையுங்கள். மனைவி சொன்னால் சமாதானம் மாதிரி கேட்கும், டாக்டர் சொன்னால் தகவலாகக் கேட்கும்.

ஒன்று கூடச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் 9 முதல் 14 வயதில் பெண் பிள்ளை இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். இந்தக் கிருமிதான் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என்று காட்டிய ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்பிலிருந்துதான் இந்தத் தடுப்பூசி வந்தது.

ஆற்காட்டிலிருந்து ஒருவர்: என் மனைவிக்கு 29 வயது, ஒரு குழந்தை. சி.ஐ.என். 2. 'கர்ப்பப்பையையே எடுத்துவிட்டால் பயமே இல்லை' என்று என் அம்மா சொல்கிறார். எனக்கும் அதுதான் நல்லது என்று தோன்றுகிறது.

நம் ஊரில் இந்தப் பேச்சு ரொம்பச் சாதாரணமாகிவிட்டது, எனக்கு இதில் வருத்தம் உண்டு. சி.ஐ.என். 2-ல் கிட்டத்தட்ட பாதி தானாகவே பின்வாங்குகிறது. அதனால் இந்த வயதில் சில மாதம் கவனமாகப் பார்க்கலாம் என்றே டாக்டர் சொல்லக்கூடும். சிகிச்சை தேவை என்றாலும் பெரும்பாலும் அந்தச் சின்ன இடத்தை எடுத்தால் போதும். கர்ப்பப்பையை எடுத்த பிறகும் அந்தப் பெண் பரிசோதனைக்கு வந்துகொண்டுதான் இருக்க வேண்டும். அப்படியிருக்கப் பயம் எங்கே போகும்?

உங்களிடம் ஒரு கேள்வி. அந்த அறுவை யாருடைய பயத்துக்கு மருந்து? உங்களுடைய, உங்கள் அம்மாவுடைய பயத்துக்கு உங்கள் மனைவியின் வயிற்றைக் கீற வேண்டாம் தம்பி. அவருக்கு என்ன தோன்றுகிறது என்று இன்னும் நீங்கள் கேட்கவில்லை. எழுதியிருக்கும் இத்தனை வரிகளில் அவர் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை.

வாணியம்பாடியிலிருந்து ஒரு மனைவி: என் வீட்டுக்காரர் 15 வருடமாக மாவா போடுகிறார். வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கிறது. காரக்குழம்பு பட்டாலே எரிகிறது என்கிறார். கன்னத்துக்குள் வெள்ளையாக இருக்கிறது. டாக்டர் 'ப்ரீ-கேன்சர்' என்றார். விட்டுவிட்டேன் என்று சொல்கிறார், நான் தினமும் சட்டைப் பையைத் துழாவுகிறேன். நேற்றும் பொட்டலம் இருந்தது.

இதை வாய்த் திசு இறுக்கம் என்று சொல்லலாம், டாக்டர்கள் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்பார்கள். இதற்கு முக்கியக் காரணம் மாவாவில் இருக்கும் பாக்கு. 'புகையிலை போடாத பாக்குதானே' என்று சிலர் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள், அது தப்பு. பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வெளியிட்டுவிட்டது. நிறுத்தினால் இறுக்கம் முழுதாக இளகாவிட்டாலும் மேலும் இறுகுவது குறையும், புற்றாக மாறும் அபாயமும் குறையும். வாய் திறக்கும் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பார்கள், அதை விடாமல் செய்ய வேண்டும். டாக்டர் சொன்ன இடைவெளியில் வாயைக் காட்ட வேண்டும். ஆறாத புண், தடிப்பு, சிவப்புத் திட்டு என்று ஏதாவது வந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் போங்கள்.

சட்டைப் பை விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். 2014-ல் என் கணவருக்குக் கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு வந்தது, சிகரெட் பழக்கம். பயாப்சியில் லேசான மாற்றம் என்றார்கள், எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு தினமும் காலையில் அவர் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் நான் டார்ச்சோடு நிற்பேன். ஈர வாயோடு ஆ என்று திறந்து நிற்பார், கண்ணை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். இரண்டு மாதம் இப்படியே போனது. ஒருநாள் டார்ச்சை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அலமாரி மேல் வைத்துவிட்டு, 'நீ வந்து என் பக்கத்தில் உட்கார். என்னைச் சோதனை போட ஆஸ்பத்திரியில் ஆள் இருக்கிறார்கள்' என்றார். அன்றைக்கு நான் அழுத அழுகை, பயாப்சி அன்றைக்குக்கூட அழவில்லை. பிறகு மாதம் ஒரு முறை, ஒன்றாம் தேதி மட்டும் பார்ப்பது என்று இருவரும் பேசி முடிவு செய்தோம். அவராகவே அன்றைக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு வருவார்.

நீங்களும் பையைத் துழாவுவதை நிறுத்துங்கள். பொட்டலத்தை ஒளிக்க அவர் இன்னொரு இடம் கண்டுபிடிப்பார், அவ்வளவுதான் நடக்கும். 'நேற்று பார்த்தேன், பயமாக இருக்கிறது' என்று ஒரே ஒரு முறை நேராகச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் கை தானாகப் போகிறது என்று அவரையே கேளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகா, வண்டி ஓட்டும்போதா, வேலை இடைவேளையிலா? அந்த நேரத்துக்கு வேறு ஏதாவது வாயில் போடக் கையில் கொடுத்தனுப்புங்கள். புகையிலையை விட உதவும் அரசு இலவச எண் 1800-11-2356. அதற்கு அவர் பேச வேண்டும், நீங்கள் அல்ல.

ராணிப்பேட்டையிலிருந்து: மனைவி ஷூ கம்பெனியில் வேலை செய்கிறாள். சி.ஐ.என். என்று தெரிந்த நாளிலிருந்து வேலைக்குப் போக வேண்டாம் என்கிறேன். 'என்னை நோயாளி ஆக்காதே' என்று கத்துகிறாள்.

அவர் சொல்வது சரி. இதற்கு ஓய்வு தேவையில்லை, லீப் செய்த பிறகு சில நாள் போதும். அங்கே கூட வேலை செய்யும் பெண்களோடு சிரித்துப் பேசும் 8 மணி நேரம் அவர் நோயை மறக்கும் நேரமாக இருக்கலாம். அதைப் பிடுங்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து: மாமியாரிடம் சொல்ல வேண்டுமா?

யாருக்கு நோயோ, அவர் சொன்னால் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. ஆனால் உங்களுக்கும் மனம் திறக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே ஒருவரை, உங்கள் துணைக்குத் தெரிந்தே தேர்ந்தெடுங்கள்.

சோளிங்கரிலிருந்து: மலையேறி வேண்டிக்கொண்டு, ஒரு மண்டலம் நாட்டு மருந்து சாப்பிட்டுவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறார் கணவர்.

மலைக்குக் கட்டாயம் போய் வாருங்கள், மனதுக்குத் தெம்பு வரும். ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். எந்த மருந்து சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

தொரப்பாடியிலிருந்து ஒரு கணவர்: பயம் எனக்குத்தான் நோயாகிவிட்டது. நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது, மூன்று வாரமாக வேலையில் மனம் நிற்கவில்லை. ராத்திரி குடித்தால்தான் தூக்கம்.

நீங்கள் இதை எழுதியதே பெரிய விஷயம். முதலில் நெஞ்சுப் படபடப்புக்கு ஒரு பொது மருத்துவரிடம் காட்டுங்கள், பயம்தான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வேலையும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். குடி அன்றைய ராத்திரியைத் தள்ளும், மறுநாள் படபடப்பைக் கூட்டிக் கொடுக்கும். உயிரை விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் தனியாக இருக்காதீர்கள், உடனே யாரிடமாவது சொல்லுங்கள்.

வாலாஜாவிலிருந்து ஒரு கணவர்: லீப் முடிந்தது. வெள்ளிக்கிழமை ரிசல்ட். அன்றைக்கு நான் என்ன செய்ய வேண்டும்?

நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். மூன்று கேள்வி எழுதிக்கொள்ளுங்கள்: எடுத்த துண்டின் ஓரம் மாறிய செல்கள் இல்லாமல் சுத்தமாக இருக்கிறதா, வேறு ஏதாவது தெரிந்ததா, அடுத்த பரிசோதனை எப்போது? ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது என்று சொன்னால் அதற்குக் கேன்சர் என்று அர்த்தம் இல்லை. சீக்கிரம் மறுபடி பார்ப்பார்கள் அல்லது இன்னொரு முறை எடுப்பார்கள். நல்ல செய்தியாக இருந்தாலும் மறு பரிசோதனையை விடக்கூடாது, தேதியைக் காலண்டரில் இருவருமாகக் குறியுங்கள்.

டாக்டர் பேசும்போது அவரது முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மனைவியின் பக்கம் திரும்பி உட்காருங்கள். காலையில் இருவரும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றோடு வெயிலில் வந்து வரிசையில் மயங்கி விழுந்த கணவர்களை நானே தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.