திட்டுவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு எட்டு வயது, பெண். குட்டி போட்டதில்லை, கருத்தடை ஆபரேஷனும் செய்யவில்லை. குட்டியாக இருந்தபோது பழக்கியதோடு சரி, இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட வீட்டுக்குள் சிறுநீர் போனதில்லை. பத்து நாளாக நாங்கள் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்திருக்கும்போதே டைனிங் டேபிளுக்கு அடியில் குளம் கட்டிவிடுகிறது. மகள் ஹாஸ்டலுக்குப் போன ஏக்கத்தில் வீம்பு செய்கிறது என்கிறார் கணவர். தண்ணீரும் நிறையக் குடிப்பதால் இரவில் கிண்ணத்தை எடுத்துவிடுகிறோம். சரிதானே?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரியில்லை. முதலில் கிண்ணத்தைத் திரும்ப வைத்துவிட்டு வாருங்கள், மிச்சத்தை அப்புறம் படிக்கலாம். நிறையக் குடிப்பதால்தான் நிறையப் போகிறது என்று நமக்குத் தோன்றும். பெரும்பாலும் நடப்பது அதற்குத் தலைகீழ். உடம்பு நீரைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடுகிறது, போனதை ஈடுகட்டத்தான் நாய் ஓடி ஓடிக் குடிக்கிறது. கிண்ணத்தை ஒளித்தால் சிறுநீர் நிற்காது, நாய்தான் வறண்டு போகும்.

வீம்பு என்பதையும் விட்டுவிடுங்கள். நாய்க்கு ஏக்கம் வரும், மறுக்கவில்லை, ஆனால் தனிமை தாங்காத நாய் வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில்தான் இப்படிச் செய்யும். எட்டு வருடம் ஒழுங்காக இருந்த நாய் உங்கள் கண் முன்னாலேயே விடுகிறதென்றால் அதனால் அடக்க முடியவில்லை என்று அர்த்தம். மூக்கைத் தேய்ப்பது, அதட்டுவது எல்லாம் செய்தால் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம்: கடைசியாக ஹீட் (இணை சேரத் தயாராகும் பருவம்) எப்போது வந்தது? ஒன்றிரண்டு மாதத்துக்குள் என்றால் இன்றைக்கே டாக்டரிடம் கிளம்புங்கள். கருத்தடை செய்யாத, வயதான பெண் நாய்க்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டுவது நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்று. அந்த நஞ்சு சிறுநீரகத்தைக் குழப்பிவிடுவதால் தாகமும் சிறுநீரும் ஏறும். சீழ் வெளியே வடிந்தால் கண்ணில் படும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது, அதுதான் இன்னும் ஆபத்து. சாப்பாட்டை ஒதுக்குவது, வாந்தி, வயிறு உப்புவது இதில் எதுவும் சேர்ந்தால் ராத்திரி என்றுகூடப் பார்க்காதீர்கள். ஸ்கேனில் தெரிந்துவிடும், பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் வைத்தியம். அதே காலகட்டத்தில் சுரக்கும் ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது என்பதால் சர்க்கரை நோயும் இந்த வயதில் இப்படித்தான் தலைகாட்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிறதா என்று பாருங்கள்.

ஹீட் வந்து பல மாதம் ஆயிற்று, நாயும் தெம்பாகத்தான் இருக்கிறது என்றால் ஒரு நாள் தண்ணீரை அளக்கலாம். காலையில் லிட்டர் பாட்டிலால் ஊற்றுங்கள், அடுத்த நாள் அதே நேரம் மிச்சத்தைக் கழியுங்கள். எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் அது நோயின் தாகம். 30 கிலோ நாய்க்கு 3 லிட்டர். சமீபத்தில் அரிப்புக்கு ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். என்னிடம் வந்த ஒரு ஸ்பிட்ஸுக்கு ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் பையிலிருந்து அந்த மாத்திரை அட்டையை எடுத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.)

குளமாக இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து தடவை உட்கார்ந்து எழுந்தால் சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்றோ கல்லோ இருக்கலாம். தூங்கி எழுந்த இடம் மட்டும் நனைந்திருந்தால் கதை வேறு, அது கசிவு, கருத்தடை செய்த பெண் நாய்களிடம்தான் அதிகம்.

எதுவானாலும் காலையில் முதல் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு போங்கள். பெண் நாய் தாழ உட்காரும், கிண்ணம் நுழையாது. நீளக் கைப்பிடியுள்ள குழிக்கரண்டியைச் சோப்பில்லாமல் அலசித் துடைத்துவிட்டு, அது போக ஆரம்பித்த பிறகு பின்னாலிருந்து மெல்ல நீட்டினால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் விசித்திரமாகப் பார்ப்பார், பார்க்கட்டும். உடனே கொடுக்க முடியாவிட்டால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரைக் கொண்டுவந்தால் பரிசோதனையில் எதுவும் உருப்படியாகத் தெரியாது. துடைக்கும்போது கையுறை போடுங்கள், எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும், நாய்க்கு அந்த இடம் மணத்துக்கொண்டே இருக்கும், செல்லப்பிராணிக் கடையில் என்சைம் கிளீனர் கேளுங்கள்.

கேள்வி: ஐந்து வயது ஆண் டால்மேஷன். புது வீட்டுக்கு வந்ததிலிருந்து சோபா கால், கதவு என்று காலைத் தூக்கிச் சொட்டு விடுகிறான். நேற்றிலிருந்து காலைத் தூக்கியபடியே நெடுநேரம் நிற்கிறான், ஒன்றும் வருவதில்லை. எல்லை குறிப்பதுதானே?
- ஒரு வாசகர், கோவை

பதில்: முதலில் செய்தது எல்லை குறிப்பதாக இருக்கலாம். நேற்றிலிருந்து நடப்பது அது இல்லை. டால்மேஷன்களுக்குப் பிறவியிலேயே சிறுநீரில் யூரேட் என்ற உப்பு சேர்ந்து கல் உருவாகும் உடல்வாகு, ஆண் நாயின் சிறுநீர்க் குழாயில் அது சிக்கினால் அடைத்துக்கொள்ளும். முழுக்க அடைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. இதைப் படித்து முடித்ததும் வண்டியை எடுங்கள், போகும் வழியிலேயே டாக்டருக்கு போன் போட்டு 'சிறுநீர் அடைப்பு' என்று சொல்லிவிடுங்கள், டியூப் எடுத்து வைத்திருப்பார்.