கேள்வி கேட்டும் பதிலுக்குக் காத்திராத ஸ்கிரிப்ட்

கேள்வி: பழைய பேக்கப் கோப்புகளின் பெயர்களை வரிக்கு ஒன்றாகப் பட்டியலிட்டு, அவற்றை வைல் லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) படித்து, ஒவ்வொன்றுக்கும் 'அழிக்கவா?' என்று கேட்கும் பாஷ் (கட்டளைகளை ஏற்று இயக்கும் ஷெல்) ஸ்கிரிப்ட் எழுதினேன். வேண்டாம் என்றால் 'என்' எழுத்தைத் தட்ட வேண்டும். ஆனால் ஓட்டியபோது கேள்வி திரையில் வரவே இல்லை. ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோப்புகள் அழிந்துவிட்டன. காரணம் என்ன?
(வாசகர் ஒருவர்)

பதில்: லூப்பை முடிக்கும் 'டன்' என்ற சொல்லுக்குப் பின் '<' குறியிட்டுப் பட்டியலைக் கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்துவிட்டால், லூப்புக்குள் இருக்கும் எல்லாக் கட்டளைகளுக்கும் உள்ளீடு கீபோர்டிலிருந்து வராது, அந்தப் பட்டியலிலிருந்தே வரும். முதல் வரியை வெளியே உள்ள ரீட் (உள்ளீட்டில் ஒரு வரியைப் படிக்கும் கட்டளை) எடுத்துக்கொள்ள, அனுமதி கேட்க வேண்டிய உள் ரீட் இரண்டாம் வரியை உங்கள் பதிலாக விழுங்கிவிடுகிறது. அந்த வரி 'என்' அல்லவே. அதனால் முதல் கோப்பு அழிகிறது, இரண்டாவது தப்பிக்கிறது, மூன்றாவது அழிகிறது. பாஷில் ரீட்டுடன் '-பி' (பிராம்ப்ட்டின் முதல் எழுத்து) கொண்டு எழுதும் கேள்வி, உள்ளீடு டெர்மினலிலிருந்து (நீங்கள் கட்டளைகளைத் தட்டும் சாளரத்திலிருந்து) வரும்போது மட்டுமே திரையில் தோன்றும் என்பதால், எச்சரிக்கையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய லூப்புக்குள் எஸ்எஸ்எச் (வேறொரு கணினியில் நுழையும்) கட்டளையைப் போட்டாலும், அதுவும் உள்ளீட்டைப் படித்துவிடுவதால், மீதிப் பட்டியல் இப்படியே காணாமல் போகும்.

உள் ரீட்டின் முடிவில் '< /டெவ்/டிடிஒய்' என்று (ஆங்கில எழுத்துகளில்தான்) சேர்த்துவிட்டால், பட்டியல் எங்கிருந்து வந்தாலும் அந்த ரீட் டெர்மினலில் இருப்பவரிடமே பதில் கேட்கும். பெயர்களில் பின்சாய்வுக் கோடு இருந்தால் சிதையாதபடி இரண்டு ரீட்டுகளிலும் '-ஆர்' சேர்ப்பது நல்லது.

ஆனால் இதைவிடப் பெரிய குறை, 'என்' வராவிட்டால் அழித்துவிடு என்று நீங்கள் எழுதிய நிபந்தனையில் இருக்கிறது. வெறும் என்டர், தட்டச்சுப் பிழை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் ஆளில்லாமல் ஓடும்போது கிடைக்கும் வெற்றுப் பதில் ஆகிய அனைத்தும் அங்கே சம்மதமாகிவிடுகின்றன. அழிக்கும் ஸ்கிரிப்ட்டில் 'ஒய்' என்று தெளிவாக வந்தால் மட்டுமே அழிக்க வேண்டும். ரீட் தோல்வியைத் திருப்பினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ரீட்டுக்கு '-டி 30' (டைம்அவுட்டின் முதல் எழுத்து) என்று கொடுத்து, முப்பது வினாடிகளில் பதில் வராவிட்டால் ரீட் தோல்வியைத் திருப்பும்படியும் செய்யலாம். டெபியனிலும் உபுண்டுவிலும் 'எஸ்ஹெச்' என்ற பெயரில் ஓடுவது டேஷ் என்ற வேறொரு ஷெல்; அதில் இந்தக் காலக்கெடு வசதி இல்லை என்பதால், ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ் என்றே குறிப்பிடுங்கள்.

திருத்திய பிறகு, 'ஆர்எம்' (அழிக்கும் கட்டளை) இருக்கும் இடத்தில் 'எக்கோ' (பெயரைத் திரையில் காட்ட மட்டும் செய்யும் கட்டளை) போட்டு ஒருமுறை ஓட்டி, எந்தெந்தப் பெயர்கள் வருகின்றன என்று பார்த்துவிடுங்கள்.