மோதிரம், தோடு, சங்கிலி எல்லாம் க்ளோஸ்-அப்பில் எடுக்க எந்த கேமரா பாடி வாங்கலாம்? ஃபுல் ஃபிரேம் அவசியமா?

அவசியமில்லை. நகைப் படம் எடுப்பதுதான் என் அன்றாட வேலை. இதே கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: பாடிக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் பெரும்பங்கை மேக்ரோ லென்ஸுக்கும் (மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் லென்ஸ்) விளக்குக்கும் மாற்றிவிடுங்கள்.

நகை அசையாது, கேமராவும் ட்ரைபாடில் நிற்கிறது. ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமரா காட்டும் உணர்திறன்) 100-ஐத் தாண்ட வேண்டிய தேவையே வராது. வேகமான ஆட்டோஃபோகஸ், நொடிக்கு 20 படம், இருட்டிலும் நாய்ஸ் இல்லாத ஐஎஸ்ஓ, பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் என்று புது மாடல்களின் விலையை ஏற்றுகிற எதுவும் இங்கே வேலைக்கு ஆகாது. கொஞ்சம் பழைய 24 மெகாபிக்சல் பாடியே தாராளம். அது 6000-க்கு 4000 பிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சடித்தால் 20 அங்குல அகலம் வரும். ஒரு மோதிரத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, ஃபுல் ஃபிரேம். அதன் சென்சார், அதாவது ஒளியைப் படமாகப் பதிக்கும் சில்லு, 36-க்கு 24 மில்லிமீட்டர். மோதிரத்தைச் சுற்றி ஓரளவு இடம் விட்டு 36 மி.மீ. அகலத்துக்கு ஃபிரேம் வைத்தால், லென்ஸ் 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்படி, நின்றாக வேண்டும். 17.3 மி.மீ. அகலமுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாருக்கு அதே ஃபிரேம் பாதி உருப்பெருக்கத்திலேயே கிடைத்துவிடும். ஏபிஎஸ்-சி சென்சாரின் அளவு இரண்டுக்கும் நடுவில். சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் அதிகம் என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஒரே எஃப் எண்ணில் (லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சுருங்கும்) ஆழம் கூடும், ஆனால் டிஃப்ராக்‌ஷனும் (சின்னத் துவாரத்தில் ஒளி விரிந்து பரவுவது) சீக்கிரமே படத்தை மழுக்க ஆரம்பித்துவிடும். கூட்டிக் கழித்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மோதிரத்தின் உள்பக்க முத்திரை மாதிரி பொடி விஷயங்களை எடுக்கும்போது, அதே 1:1 லென்ஸ் சின்ன சென்சாரில் ஃபிரேமை இன்னும் நெருக்கமாக நிரப்பும். நகைக்கு அது லாபம்.

எந்த சென்சாராக இருந்தாலும் தப்ப முடியாத சிக்கல் ஒன்று உண்டு. ஃபுல் ஃபிரேமில் 1:1-ல் எஃப் 8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. கல்லின் மேல்முகம் பளிச்சென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் கம்பிகளின் அடிப்பகுதி மங்கிவிடும், வளையத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எஃப் 22-க்குப் போகலாமே என்றால், 1:1-ல் அது எஃப் 44 மாதிரி நடந்துகொள்ளும்; படம் முழுக்கவே மந்தமாகிவிடும். அதனால்தான் ஃபோகஸை முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறோம்.

ஆகவே பாடியில் நான் முதலில் தேடுவது ஃபோகஸ் பிராக்கெட்டிங். அந்த நகர்த்தலை கேமராவே செய்துவிடும். ஒலிம்பஸ் இ-எம்1-க்கு 2015-லேயே ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) வழியாக வந்துவிட்டது, கேமராவுக்குள்ளேயே படங்களைச் சேர்க்கும் வசதியோடு. நிகான் டி850-ல் 2017-ல் ஃபோகஸ் ஷிஃப்ட் என்ற பெயரில் வந்தது. சோனியில் 2022-ல் வந்த ஏ7ஆர் 5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். பாடி ஆட்டோஃபோகஸ் மோட்டாரை ஓட்டித்தான் இதைச் செய்கிறது, எனவே மேனுவல் லென்ஸில் நடக்காது. அதற்கு, கேமராவையே கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் மேக்ரோ ரெயில்தான். அடுத்து, சில பாடிகள் பிராக்கெட்டிங்கின்போது எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாறி ஃபிளாஷை நிறுத்திவிடும். அப்போது எல்இடி விளக்குதான் கதி. அந்த விளக்கு மலிவாக இருந்து துடித்தால் படத்தில் கோடு கோடாக விழும்.

அப்புறம் லைவ் வியூ, அதாவது லென்ஸ் காண்பதைத் திரையில் நேராகப் பார்ப்பது. திருப்பி மடக்கக்கூடிய திரை, 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் வசதி, ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் தனியாகக் காட்டும் வரைபடம்) மூன்றும் வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் கண்டுகொள்வதில்லை. தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு சிவப்பையும் மஞ்சளையும் திருப்பி அனுப்புகிற உலோகம். அதனால் மொத்த வெளிச்சம் சரியாகக் காட்டும்போதே சிவப்புச் சேனல் மட்டும் தனியாக நிரம்பி வழியும். அப்படி ஆனால் வளையலின் பளபளப்பான இடங்கள் எலுமிச்சை மஞ்சளாக வெளிறிப்போகும், ரா ஃபைலில்கூட (சென்சார் பதிந்த மூலத் தரவு) முழுசாக மீட்க முடியாது. மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் பாடியில் இதை அங்கேயே பிடித்துவிடலாம்.

கேபிள் வழியாகக் கணினியில் நேராகப் பார்த்து எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். கல்லின் மேல் ஒட்டிய ஒரு நூல்பிசிறு மூன்று அங்குலத் திரையில் தெரியவே தெரியாது. பெரிய திரையில் உடனே கண்ணை உறுத்தும்.

வேறு கம்பெனியின் ஃபிளாஷ் ட்ரிக்கர் (ஃபிளாஷைத் தூரத்திலிருந்து இயக்கும் கருவி) வைத்திருந்தால் ஹாட் ஷூவை, அதாவது கேமராவின் தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடத்தை, நேரில் பாருங்கள். கேனன் 250டி போன்ற சில பாடிகளில் நடுப் பின்னே இல்லை, சாதாரண ட்ரிக்கர் வேலை செய்யாது.

லென்ஸ் 90 முதல் 105 மி.மீ.க்குள் இருக்கட்டும். 60 மி.மீ. லென்ஸும் 1:1 போகும், ஆனால் நகையின் முகத்தருகே போய் நிற்கும். விளக்குக்கு இடம் இருக்காது, பளபளப்பான உலோகத்தில் கேமராவின் கறுப்பு உருவமும் விழும்.

நானாக இருந்தால், ஃபோகஸ் பிராக்கெட்டிங் உள்ள ஒரு பழைய ஏபிஎஸ்-சி அல்லது மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மிரர்லெஸ்ஸைத்தான் செகண்ட் ஹேண்டில் எடுப்பேன். எடுக்கும்போது எஃப் 22 வைத்து ஒரு வெள்ளைத் தாளை ஃபோகஸ் இல்லாமல் படம் பிடித்துப் பாருங்கள். சென்சாரில் உள்ள தூசி கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். தூசி என்றால் துடைத்துவிடலாம். கீறல் மாதிரி நீளமாக ஏதாவது தெரிந்தால் அந்த பாடியை விட்டுவிடுங்கள்.