பாலியல் தொழிலைத் தடை செய்ய வேண்டுமா, லைசென்ஸ் கொடுத்து ஒழுங்குபடுத்த வேண்டுமா?

இரண்டும் வேண்டாம் என்பதுதான் என் பதில். கேட்டவர் இரண்டே வழி சொல்லியிருக்கிறார்: ஒன்று அடியோடு தடை, இன்னொன்று அரசே லைசென்ஸ் கொடுத்து நடத்த விடுவது. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதற்கு முன், எந்த அனுபவத்தில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்பது வருடம் ஓர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தேன். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருகிறவர்களிடம் பேசுவது, ரிசல்ட் சொல்வது, ஆணுறை கொடுப்பது என் வேலை. மாதம் தவறாமல் ஓர் அக்கா வருவார். பக்கத்து மாவட்டத்துக்காரர். வீட்டில் ஜவுளிக்கடை வேலை என்று சொல்லிவிட்டுக் காலை பஸ் ஏறுகிறவர். ஒரு மாதத்துக்கு ஆகும் என்று கணக்குப் பார்த்து பாக்கெட்டுகளை மேசையில் எண்ணி வைப்பேன். அவர் இரண்டை மட்டும் எடுத்து பர்ஸின் உள் ஜிப்பில் வைத்துக்கொண்டு, மீதியை என் பக்கமே தள்ளிவிடுவார்.

"இவ்வளவு பையில இருந்தா அதையே சாட்சியா எழுதிருவாங்க மேடம். ரெண்டுன்னா வீட்டுக்காரருக்குன்னு சொல்லிக்கலாம்."

அப்போ மூணாவது ஆளுக்கு என்ன செய்வீங்க என்று கேட்டேன். அவர் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தார், பதில் சொல்லவில்லை.

நம் நாட்டில் வயதுக்கு வந்த ஒரு பெண் தன் சம்மதத்தோடு பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஆனால் 1956ஆம் வருடத்து விபச்சாரத் தடுப்புச் சட்டம் அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. தெருவில் நின்று ஒருவரை அழைத்தால் 8ஆம் பிரிவு. 18 வயது தாண்டிய யாராவது அவள் சம்பாத்தியத்தில் வாழ்ந்தால் 4ஆம் பிரிவு. அம்மா காசில் கல்லூரிக்குப் போகும் 19 வயது மகனும் எழுத்துப்படி அதற்குள் வந்துவிடுகிறான். தனியாக இருந்தால் ஆபத்து என்று இரண்டு பெண்கள் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தொழில் செய்தால், இருவரும் ஆதாயம் பெறுவதால் அந்த அறை 'விபச்சார விடுதி' ஆகிவிடும். அதை நடத்தினால் முதல் முறையே குறைந்தது ஒரு வருடம் சிறை. பாதுகாப்புக்காக அவள் செய்யும் ஒவ்வொன்றும் அவளுக்கு எதிராகவே திரும்புகிறது. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ரெய்டு நடந்த மறுநாள் பேப்பரில் 'அழகிகள் மீட்பு' என்று வரும். அப்படி மீட்கப்பட்டவரை ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை காப்பகத்தில் வைக்க 17ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். வெளியே பிள்ளைகள் இருப்பார்கள், கந்துவட்டிக்காரன் இருப்பான். திரும்பி வரும்போது கடன் இரண்டு மடங்காகியிருக்கும், வேறு யாரும் வேலை தரமாட்டார்கள். மறுபடி எங்கே போவாள்?

1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று தெரிய வந்ததும் இப்படிப்பட்ட ஒரு காப்பகத்தில்தான். மயிலாப்பூர் காப்பகத்தில் இருந்த பெண்களிடம் எடுத்த ரத்தத்தில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் தொற்று குறைந்ததற்குப் பிடித்து அடைத்தது காரணம் இல்லை. அந்தப் பெண்களையே களப்பணியாளர்களாக்கி, அவர்களைக் கொண்டே மற்றவர்களிடம் ஆணுறையும் சிகிச்சையும் கொண்டு போனதுதான் பலன் கொடுத்தது. நான் கூடவே இருந்து பார்த்தேன்.

சரி, லைசென்ஸ் கொடுத்தால் என்ன? ஜெர்மனி 2002இல் சட்டபூர்வமாக்கி, 2017இல் கட்டாயப் பதிவும் கொண்டுவந்தது. 2023 இறுதியில் பதிவில் இருந்தவர்கள் சுமார் 30,000 பேர்தான். உண்மையில் தொழிலில் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு என்று அங்கேயே சொல்கிறார்கள். பெயர் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம் ஜெர்மனியிலேயே இருக்கிறது என்றால், ஜவுளிக்கடை என்று பொய் சொல்லி பஸ் ஏறும் அக்கா எந்த அலுவலகத்தில் போய்ப் பதிவு செய்வார்? புரோக்கரும் லாட்ஜ் முதலாளியும் லைசென்ஸ் வாங்கிக்கொள்வார்கள். பதியாத பெண் இன்னொரு விதத்தில் குற்றவாளி ஆவாள். மாமூல் போகும் கை மட்டும் மாறும்.

1999இல் ஸ்வீடன் ஒரு வழி கண்டது: விற்பவளை விட்டுவிட்டு வாங்குபவனைத் தண்டிப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நானும் ரொம்ப நாள் அதைத்தான் சரி என்று நினைத்தேன். ஆனால் பிடிபடப் பயப்படுகிறவன் வெளிச்சமான இடத்தில் நின்று பேசமாட்டான். இருட்டுக்குக் கூப்பிடுவான், ஆள் எப்படி என்று பார்க்கக்கூட அவளுக்கு நேரம் தரமாட்டான்.

நான் சொல்லும் மூன்றாவது வழி நியூசிலாந்து 2003இல் எடுத்தது. 60க்கு 59 என்று ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறிய சட்டம் அது. வயதுக்கு வந்தவர்கள் சம்மதத்தோடு செய்வதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். சில பெண்கள் சேர்ந்து ஒரே இடத்தில் தொழில் செய்யலாம். சிறுமிகளை ஈடுபடுத்துவதும் கட்டாயப்படுத்துவதும் கடும் குற்றமாகவே இருக்கின்றன. குறையும் உண்டு: தற்காலிக விசாவில் வந்த பெண்களுக்கு இந்த உரிமை கிடையாது. ஆனாலும் 2014இல் அங்கே ஒரு பாலியல் தொழிலாளி, விடுதி நடத்துபவர் தன்னிடம் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினார். இங்கே அப்படி ஒன்றை நினைத்துப் பாருங்கள்.

கடத்தி வரப்படும் சிறுமிகள் என்ன ஆவார்கள் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சி பகுதியில் பாலியல் தொழிலாளிகளே நடத்தும் துர்பார் அமைப்பு, புதிதாக வரும் பெண்ணின் வயதையும் யார் கூட்டி வந்தது என்பதையும் விசாரிக்கத் தனிக் குழு வைத்திருக்கிறது. சந்தில் புதுமுகம் வந்தால் முதலில் தெரிவது அங்கிருக்கும் பெண்களுக்குத்தான். அதை போலீஸில் போய்ச் சொன்னால் தன் மேலேயே கேஸ் வரும் என்றால் யார் சொல்வார்கள்?

'சம்மதம்' என்ற சொல்லை நான் லேசாகப் பயன்படுத்தவில்லை. நான் பேசிய பெண்களில் ஆசைப்பட்டு வந்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஓடிப்போன கணவன், ஆஸ்பத்திரிச் செலவு, மகளிர் குழுத் தவணை. இதிலிருந்து வெளியே வர வழி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அந்த வழியை முதலில் அடைப்பது அவர்கள் மேல் விழும் கேஸ்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. இனி ரெய்டில் பெண்களைக் கைது செய்யக் கூடாது என்று பல இடங்களில் செய்தி வந்தது. அது முழுக்கச் சரி இல்லை. அது நீதிமன்றம் அமைத்த குழுவின் பரிந்துரை; மத்திய அரசு தயக்கம் காட்டியதால் உத்தரவாகவில்லை. உத்தரவானவற்றில் ஒன்று, ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது என்பது. அதைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு எழுதி, பிரிண்ட் எடுத்து அந்த அக்காவிடம் கொடுத்தேன். யாராவது கேட்டால் காட்டுங்க என்றேன். மெதுவாக இரண்டு தடவை படித்தார்.

"இந்தப் பேப்பர் பையில இருந்தா, இது எதுக்கு உனக்குன்னு கேப்பாங்களே மேடம்" என்று மடித்து மேசையிலேயே வைத்துவிட்டார். அன்று நான்கு பாக்கெட் எடுத்துக்கொண்டார்.