பருப்புத் தண்ணீரில் பருப்பு இருக்கிறதா?

கேள்வி: என் மாமனாருக்கு 72 வயது. நிமோனியா என்று எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. 61 கிலோ இருந்தவர் இப்போது 56. சோறு நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பருப்பு சூப் கொடுக்கச் சொன்னார்கள். ஆனால் பருப்பு வாயு என்று என் மாமியார் வெந்த பருப்பை வடிகட்டிவிட்டு, தெளிந்த தண்ணீரில் மிளகு தட்டிப் போட்டுத் தருகிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். ரிப்போர்ட்டில் யூரிக் ஆசிட் 7.4 என்று இருப்பதால் பருப்பே கூடாது என்கிறார் நாத்தனார். யார் சொல்வதைக் கேட்பது? சூப்பை எப்படி வைப்பது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் மாமியார் செய்வதை நான் வார்டில் பல தடவை பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ரவுண்ட்ஸ் போனபோது, ஒரு அம்மா தூக்குவாளியிலிருந்து கணவருக்குப் பருப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஆட்டாமல், அலுங்காமல், மேலே தெளிந்ததை மட்டும் டம்ளருக்குச் சாய்த்தார். அடியில் மஞ்சளாக இரண்டு விரற்கடை மண்டி தங்கியிருந்தது. அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவிக் கொட்டிவிட்டு வந்தார். 'அதைத்தானம்மா அவருக்குக் கொடுக்கணும்' என்றேன். 'ஐயோ, மந்தம் டாக்டர்' என்றார்.

பருப்பின் புரதமும் மாவுச்சத்தும் பெரும்பாலும் அந்த மண்டியில்தான் இருக்கின்றன. தெளிந்த நீரில் இறங்குவது கொஞ்சம் உப்புச்சத்து, கொஞ்சம் வாசனை, நிறைய மஞ்சள் நிறம். தொண்டைக்கு இதமாக இருக்கும், ஒரு டம்ளர் நீரும் உள்ளே போகும். இழந்த ஐந்து கிலோவுக்கு அது போதாது.

அந்த ஐந்து கிலோவில் கணிசமான பங்கு தசை. வயதானவர் பத்து நாள் படுத்து எழுந்தாலே தொடை மெலிந்து போகும். அவர் நாற்காலியிலிருந்து எழும்போது கையை ஊன்றி எழுகிறாரா என்று பாருங்கள், புரியும். நோயிலிருந்து எழும் முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது ஒரு நாளைக்கு வேண்டும். இவருக்குச் சுமார் 67 கிராம். நூறு கிராம் பாசிப்பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. அதை வடிகட்டிக் கொட்டிவிட்டு 'எவ்வளவு கொடுத்தாலும் தேறவில்லை' என்று சொன்னால், பாவம் அவர் என்ன செய்வார்?

சரி, வாயு விஷயம். உங்கள் மாமியார் சொல்வது பொய் இல்லை. பருப்பில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் நொதி நம் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போக, அங்குள்ள கிருமிகள் தின்று வாயுவாக்குகின்றன. ஆனால் இந்தச் சர்க்கரைகள் நீரில் கரைபவை. வேகவைத்த நீரை வைத்துக்கொண்டு பருப்பைக் கொட்டினால், வாயு தருவதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு புரதத்தைக் கொட்டுகிறோம் என்று அர்த்தம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைப்பதுதான் வழி. பருப்புகளில் பாசிப்பருப்பு வயிற்றுக்கு லேசானது. அதில் ஆரம்பியுங்கள். துவரம்பருப்பு, கடலைப்பருப்பெல்லாம் அப்புறம்.

இனி செய்முறை. 50 கிராம் பாசிப்பருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல ஒரு கைப்பிடி. வெறும் வாணலியில் வாசனை வரும்வரை லேசாக வறுக்கலாம், நிறம் மாறக்கூடாது. இரண்டு மூன்று தடவை கழுவி, ஒரு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். குக்கரில் பருப்பு, ஒன்றரை டம்ளர் நீர், நாலு பல் பூண்டு, சின்னத் துண்டு இஞ்சி, மஞ்சள்தூள், சுரைக்காயோ கேரட்டோ பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி. ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். குக்கரை எப்போதும் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பருப்பு நுரை வெயிட் வால்வை அடைத்துக்கொள்ளும். நாலு விசில்.

உப்பும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகுதான். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால் பருப்பு குழையாது. உப்பு கரிக்கும் போர்த்தண்ணீரிலும் இதே கதைதான். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பை இறுக்கிவிடும். அப்படியென்றால் கேன் தண்ணீரில் வேகவையுங்கள்.

விசில் அடங்கியதும் மத்தால் நன்றாகக் கடையுங்கள். கரண்டியை எடுத்துச் சாய்த்தால் கூழ் மாதிரி வழிய வேண்டும், தண்ணீராக ஓடக்கூடாது. வெந்நீர் சேர்த்து மொத்தம் அரை லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். ஒரு ஸ்பூன் நெய்யில் சீரகம், தட்டிய மிளகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பாதி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பருப்பிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவும். கொதிக்கும்போது பிழிந்தால் அது வீணாகிவிடும், கசக்கவும் செய்யும்.

இது இரண்டு பெரிய டம்ளர் வரும். டம்ளருக்கு ஆறு கிராம் புரதம், அதாவது ஒரு முட்டை அளவு. முட்டை சாப்பிடுகிற வீடு என்றால் கொதிக்கும் சூப்பில் டம்ளருக்கு ஒரு முட்டை வீதம் உடைத்து ஊற்றிக் கலக்குங்கள், கணக்கு இரட்டிப்பாகும். 'மிளகுத்தண்ணீர்' என்ற நம் சொல்லை வெள்ளைக்காரர்கள் முல்லிகடானி என்று கொண்டுபோனார்கள். கொண்டுபோனதோடு நிற்காமல் பருப்பும் கறியும் போட்டுக் கெட்டியாக்கியும் குடித்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ளலாம்!

முதல் இரண்டு நாள் அரை டம்ளர். வயிறு உப்பவில்லை என்றால் முக்கால், அப்புறம் முழு டம்ளர். காலை பதினோரு மணிக்கு ஒன்று, மாலை ஒன்று என்று சாப்பாட்டுக்கு நடுவில் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் இருக்கிற கொஞ்சப் பசியும் போய்விடும். மீதியை மறுபடி மறுபடி சூடாக்கி வைக்க வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே தடவை கொதிக்கவைத்துத் தீர்த்துவிடுங்கள். பிரஷர் இருப்பதால் உப்பு குறைவாக. கடை சூப் பாக்கெட் வேண்டவே வேண்டாம், அதில் பருப்பைவிட உப்புதான் தூக்கல்.

நாத்தனாருக்கு ஒரு வார்த்தை. கவுட், அதாவது யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம், இருந்தால் பருப்பு கூடாது என்று நாங்களே ஒரு காலத்தில் எழுதிக் கொடுத்தோம். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 47,000க்கும் மேற்பட்ட ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் கவனித்தது. இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடியது. உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் என்ற பொருள் பருப்பு, பயறு, கீரையிலும் உண்டு. ஆனால் அதனால் அப்படிக் கூடவில்லை. மாமனாருக்கு மூட்டு வலியோ வீக்கமோ இல்லாமல் வெறும் 7.4 என்ற எண் மட்டும்தான் என்றால், அதற்காகப் பருப்பை நிறுத்த வேண்டியதில்லை. அவருடைய பிரஷர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குளோர்தாலிடோன் அல்லது ஹைட்ரோகுளோரோதயசைடு என்று இருந்தால், யூரிக் ஆசிட் ஏறியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அதே ரிப்போர்ட்டில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் எவ்வளவு என்றும் பாருங்கள். அது கூடுதலாக இருந்தால் மட்டும் புரத அளவையும் பருப்பின் அளவையும் சிறுநீரக மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நான் மேலே சொன்ன கணக்கு அப்போது பொருந்தாது.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது பருப்பும் இல்லை, யூரிக் ஆசிடும் இல்லை. சோறு நாலு வாய்தான், சர்க்கரை மாத்திரை மட்டும் பழைய அளவு. மாத்திரையில் கிளிமிபிரைடு இருந்தால், சாப்பாடு குறைந்த இந்த நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத பேச்சு என்று வந்தால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இந்த வாரமே மாத்திரை அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு டம்ளர் சூப்பில் சுமார் 110 கலோரிதான் இருக்கிறது, அதை ஒரு வேளைச் சாப்பாடாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

சூப் குடிக்கும்போது புரையேறுகிறதா, குடித்தபின் குரல் கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள். நிமோனியா வந்தவருக்கு இது முக்கியம். நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன ஸ்பூனால் கொடுங்கள். தண்ணியாக இருப்பதைவிடக் கெட்டியாக இருப்பது விழுங்கப் பத்திரம், வடிகட்ட வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். புரையேறுவது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். இன்னும் இரண்டு வாரத்தில் எடை ஏறாவிட்டாலோ, மாலைக் காய்ச்சலோ இருமலோ மறுபடி தலைகாட்டினாலோ, மறு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் தேவை. சர்க்கரைக்காரர்களுக்குக் காசநோயை விலக்கிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவர் பல்செட் போடுகிறவரா? உடம்பு இளைத்தால் ஈறும் சுருங்கி, செட் ஆட ஆரம்பிக்கும். கடித்தால் குத்துகிறது என்று வெளியே சொல்லக் கூச்சப்பட்டு 'பசிக்கல' என்று தட்டை நகர்த்துகிற பெரியவர்கள் நிறையப் பேர். இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.